முகப்பில் நின்று அளப்பது: பினாங்கில் மின்சேவைத் தயார்நிலை

“மலேசியா மின்சேவைக்குத் தயாரா?” என்ற கேள்விக்கு யாராலும் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியாது. எந்தச் சேவை, யாருக்கு, எந்த ஊரில் என்று சேர்த்துக் கேட்டால்தான் அந்தக் கேள்விக்கு ஒரு பிடி கிடைக்கும். அப்படிச் சேர்த்துக் கேட்டு, காலால் நடந்து விடை தேடும் முறையைத்தான் இந்த அத்தியாயம் சொல்கிறது. பொது இயக்கம், குடியிருப்போர் சங்கம், கல்லூரி மாணவர் குழு என எவரும் இதைச் செய்யலாம். கணினி படித்திருக்க வேண்டியதில்லை.

பயிற்சிக்களமாகப் பினாங்கை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வர்த்தக மண்டலம் உருவானது. அதே ஆண்டு இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை அங்கே தொடங்கியது. ஏஎம்டி, ஹியூலட் பேக்கார்ட், பாஷ், ஹிட்டாச்சி என்று மற்றவர்களும் வந்தார்கள். அன்றைய முதலமைச்சர் லிம் சோங் இயூ போட்ட அந்த அடித்தளத்தால், உலகின் கணினிகளுக்குள் போகும் சில்லுகளை அரை நூற்றாண்டாகச் சோதித்து அனுப்பும் ஊர் இது. ஆனால் அதே ஊரில் இன்னமும் ஏதாவது ஒரு விண்ணப்பத்துக்கு “ஐசியை ரெண்டு போட்டோஸ்டேட் எடுத்துட்டு வாங்க” என்று அடையாள அட்டையின் நகல் கேட்கும் சேவை முகப்பைக் காணலாம். சில்லு செய்யும் திறனும் சில்லைப் பயன்படுத்தும் பழக்கமும் வெவ்வேறு என்பதை இந்த ஊரைப் போல வெளிப்படையாகக் காட்டும் இடம் குறைவு.

தரவரிசைகளை வாசிக்கும் முறை

வேலையைத் தொடங்கும்முன் ஏற்கெனவே அளந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். வளரும் நாடுகளுக்காக ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் அனைத்துலக வளர்ச்சி மையம் 2000-ஆம் ஆண்டில் ஒரு கையேடு வெளியிட்டது. இணைப்பு, கல்வி, சமூகம், பொருளாதாரம், கொள்கை என்ற ஐந்து பிரிவுகளில் 19 கூறுகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு படிகள். உங்கள் ஊர் எந்தப் படியில் நிற்கிறது என்று நீங்களே குறித்துக்கொள்ளலாம். இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அதன் அணுகுமுறை எனக்குப் பிடித்தமானது. மதிப்பெண் போடும் பென்சிலை அது ஊர்க்காரர் கையில் கொடுத்தது. பின்னால் வந்த குறியீடுகள் பெரும்பாலும் அந்தப் பென்சிலைத் திரும்ப வாங்கிக்கொண்டன.

இன்று அதிகம் பேசப்படுவது ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் மின்னரசு வளர்ச்சிக் குறியீடு. இணையச் சேவை, தொலைத்தொடர்புக் கட்டமைப்பு, மனித வளம் ஆகிய மூன்றையும் சேர்த்து 193 நாடுகளை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வரிசைப்படுத்துகிறது. மலேசியா 2020-இல் 47-ஆவது, 2022-இல் 53-ஆவது, 2024-இல் 57-ஆவது இடம். இதைப் பார்த்து நாடு பின்னுக்குப் போகிறது என்று எழுதிவிடாதீர்கள். 2022-க்கும் 2024-க்கும் இடையில் மலேசியாவின் மதிப்பெண் கூடியது, இடம்தான் இறங்கியது. மற்றவர்கள் இன்னும் வேகமாக ஓடியிருக்கிறார்கள், அவ்வளவே.

பினாங்குக்காரர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. இதே ஆய்வு நகராட்சிகளின் இணையச் சேவையையும் அளக்கிறது. ஆனால் ஒரு நாட்டுக்கு ஒரு நகரம்தான், அதுவும் மக்கள்தொகையில் பெரிய நகரம். மலேசியாவின் பெயரில் கணக்கில் வருவது கோலாலம்பூர். பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தின் சேவை நன்றாக இருந்தாலும் மோசமாக இருந்தாலும் அந்தப் பட்டியலில் ஒரு புள்ளி அசையாது. உள்ளூர் ஆய்வை உள்ளூர்க்காரர்தான் செய்ய வேண்டும் என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஒரு சேவையைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அளக்கப் போனால் எதுவும் மிஞ்சாது. ஒரே ஒரு சேவையை எடுங்கள். அதில் பணம் சம்பந்தப்பட்டிருக்க வேண்டும். வசதி உள்ளவரும் இல்லாதவரும் ஒருசேரப் பயன்படுத்துவதாக இருக்க வேண்டும். தவறினால் கையில் நட்டம் தெரிய வேண்டும். கார் நிறுத்தக் கட்டணம், வீட்டு வரி, மருத்துவமனை முன்பதிவு, வணிகர்களுக்கான மின்விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ்) எல்லாமே தகுதியானவைதான். நான் இங்கே பூடி95 பெட்ரோல் மானியத்தை எடுத்துக்கொள்கிறேன்.

2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய திட்டம் இது. குடியுரிமையும் செல்லத்தக்க ஓட்டுநர் உரிமமும் உள்ளவர் மைகார்டு என்ற அடையாள அட்டையைக் காட்டி ரோன்95 பெட்ரோலை லிட்டர் 1.99 வெள்ளிக்கு (ரிங்கிட்) போடலாம். தொடங்கியபோது மாத வரம்பு 300 லிட்டர், மானியம் இல்லாத விலை 2.60 வெள்ளி. பார்க்கச் சின்ன வேலைதான். ஆனால் அந்த அட்டையை இயந்திரத்தில் செருகும் நொடியில் தேசியப் பதிவிலாகாவின் குடியுரிமைப் பதிவும் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் உரிமப் பதிவும் ஒத்துப்போயிருக்க வேண்டும், அட்டையின் சில்லு வேலை செய்ய வேண்டும், நிலையத்தின் இணைப்பு உயிரோடு இருக்க வேண்டும். நாட்டின் தயார்நிலை முழுவதும் ஒரு பெட்ரோல் நிலையத்து முகப்பில் சோதனைக்கு வந்து நிற்கிறது.

ஐசி

மைகார்டு 2001-இல் வந்தது. ஓர் அரசாங்கம் சில்லு பதித்த பல்நோக்கு அடையாள அட்டையை நாடு முழுவதும் கொடுத்தது உலகிலேயே முதல் முயற்சிகளில் ஒன்று. ஓட்டுநர் உரிமம், மருத்துவக் குறிப்பு, மின்பணம் எல்லாம் அதற்குள் அடங்கும் என்று திட்டமிட்டார்கள். ஆனால் ஏறக்குறைய கால் நூற்றாண்டாகப் பெரும்பாலான முகப்புகளில் அந்தச் சில்லு சும்மாதான் இருந்தது. அட்டையின் முன்பக்கத்தைப் பார்ப்பார்கள், எண்ணை எழுதிக்கொள்வார்கள், நகலெடுப்பார்கள். அதனால் சில்லு பழுதாகியிருந்தாலும் பலருக்குத் தெரியவே இல்லை. மானியத்துக்காக அட்டையைச் செருகும் காலம் வந்த பிறகுதான் பணப்பையில் வளைந்து, வியர்வையில் நனைந்து கிடந்த சில்லுகளின் நிலை வெளியே வந்தது.

ஆகவே முதல் அளவீடு இது: நீங்கள் தேர்ந்தெடுத்த முகப்பில் ஒரு காலைப்பொழுது நின்று, எத்தனை அட்டைகள் முதல் தடவையிலேயே படிக்கப்படுகின்றன, எத்தனை துடைத்துத் துடைத்துச் செருகப்படுகின்றன, எத்தனை படிக்கப்படாமலே போகின்றன என்று எண்ணுங்கள். அரசு அலுவலகமாக இருந்தால் எத்தனை பேரிடம் போட்டோஸ்டேட் கேட்கிறார்கள் என்று எண்ணுங்கள். நகல் கேட்கும் ஒவ்வொரு தடவையும், இரண்டு இலாகாக்களின் பதிவேடுகள் ஒன்றோடொன்று பேசவில்லை என்று பொருள். அறிக்கைகளில் வரும் பக்கம் பக்கமான படவிளக்கத்தைவிட இந்த எண்ணிக்கை நேர்மையானது.

இரண்டாவதாக, அட்டை இல்லாதவர்களைத் தேடுங்கள். மலேசியத் தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தோட்டத்தில் பிறந்து, பிறப்புச் சான்று சரியாக எடுக்காமல் போய், வாழ்நாள் முழுக்க நிரந்தரக் குடியிருப்புக்கான சிவப்பு ஐசியோடு இருக்கும் பாட்டிகள் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். தற்காலிகக் குடியிருப்புக்கான பச்சை ஐசி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். எந்த அட்டையும் இல்லாத பிள்ளைகளும் உண்டு. இவர்களுக்கு உலகத்தரமான செயலியும் மூடிய கதவுதான். இவர்களைப் ‘பயன்படுத்தாதவர்’ என்ற கட்டத்துக்குள் போட்டுக் கலந்துவிடாதீர்கள். பயன்படுத்தத் தெரியாதவர் வேறு, பயன்படுத்த அனுமதியே இல்லாதவர் வேறு. முதலாமவருக்குப் பயிற்சி வகுப்பு உதவும். இரண்டாமவருக்குச் சட்டமும் இலாகாவும்தான் வழி விட வேண்டும். பாயான் லெப்பாஸ் ஆலைகளில் கடப்பிதழோடு வேலை செய்யும் அந்நியத் தொழிலாளர்களும் தனிக் கட்டம்.

செல்பேசியிலேயே அடையாளத்தை உறுதிப்படுத்தும் மைடிஜிட்டல் ஐடி இப்போது வந்திருக்கிறது. அதைச் சோதிக்கும்போது ஒரு கேள்வியை விடாதீர்கள்: பதிவு செய்துகொடுத்தது யார்? அவரேவா, மகனா, கடைக்காரரா?

லைன்

கட்டமைப்பைப் பற்றி நீளமாக எழுதப் போவதில்லை, ஏனென்றால் அளப்பதற்குச் சுலபமானது அதுதான். எல்லோரும் அதைத்தான் அளக்கிறார்கள். வெளியுலகத் தொடர்பில் பினாங்கு பழைய கை. 1870-இல் சென்னையிலிருந்து கடலுக்கடியில் வந்த தந்திக் கம்பி இங்கேதான் கரையேறியது, பிறகுதான் சிங்கப்பூருக்குப் போனது. தென்னாப்பிரிக்காவிலிருந்து கொச்சி வழியாக வரும் சேஃப் கண்ணாடியிழை வடமும், மும்பை, சென்னையைத் தொட்டு வரும் வங்காள விரிகுடா வடமும் இன்று இங்கே வந்து சேர்கின்றன. கடல் வழி சிக்கல் இல்லை. தெரு வழிதான் பார்க்க வேண்டும்.

2020-இல் தொடங்கிய ஜெண்டெலா திட்டத்தின் கீழ் 4ஜி விரிந்தது. 2021 முடிவில் 3ஜி மூடப்பட்டது. சேவைப் பரவல் விழுக்காட்டை வாசிக்கும்போது அது ‘மக்கள் வசிக்கும் பகுதி’க்கான கணக்கு என்பதை மறக்காதீர்கள். கோபுரத்தின் வீச்சுக்குள் வீடு இருப்பதும் வீட்டின் அடுக்களையில் லைன் கிடைப்பதும் ஒன்றல்ல. ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகள் குறுகி நீண்டவை, தடித்த செங்கற்சுவர் கொண்டவை. 2008-இல் யுனெஸ்கோ பாரம்பரியத் தலமான பிறகு அவற்றின் முகப்பில் இஷ்டத்துக்கு எதையும் மாட்டவும் முடியாது. லெபோ பாசாரில் கடை வாசலில் நின்று ஒரு தடவை, கடையின் கடைசி அறையில் ஒரு தடவை என்று சோதியுங்கள். பிறகு பாலேக் பூலாவ், வெல்ட் குவேயின் மரக்கால் வீடுகள், பத்து மூசாங்கிலிருந்து படகேறிப் போகும் பூலாவ் அமான். காலை, மாலை, மழை நேரம். பினாங்கு என்றாலே தீவு என்று நினைத்து, பெருநிலத்தில் இருக்கும் செபராங் பிறையை விட்டுவிடும் ஆய்வுகள் ஏராளம். மாநிலத்தில் பாதிப் பேர் அக்கரையில் இருக்கிறார்கள்.

பெருந்தொற்றுக் காலத்தில், 2020-இல், சபாவில் ஒரு பல்கலைக்கழக மாணவி தேர்வு எழுதுவதற்காக மரத்தின்மேல் தங்கிய செய்தி உலகெங்கும் போனது. அந்த ஆண்டின் எந்த விழுக்காட்டுக் கணக்கிலும் அந்த மரம் தென்படவில்லை.

நெரிசலும் மாற்று வழியும்

சாதாரண நாளில் ஓடும் சேவை, எல்லோரும் ஒரே நேரத்தில் வரும் நாளில் ஓடுமா? 2025 ஆகஸ்ட் 31 அன்று 18 வயதுக்கு மேற்பட்ட எல்லாக் குடிமக்களுக்கும் மைகார்டு வழியாக 100 வெள்ளி சாரா உதவித்தொகை கிடைத்தது. தேசிய தினம், பொது விடுமுறை, கையில் அட்டை. மக்கள் கடைகளுக்குப் போனார்கள், முதல் நாளிலேயே முறைமை திணறியது. தள்ளுவண்டி நிறையச் சாமான் எடுத்து வைத்துவிட்டுக் காசாளர் முன்னால் காத்திருந்தவர்களின் நேரம் எந்தக் குறியீட்டிலும் கழிக்கப்படாது. உங்கள் அறிக்கையில் கழிக்கப்பட வேண்டும்.

2024 ஜனவரி 2-ஆம் தேதி தொடங்கிய பாடு தரவுத்தளம் இன்னொரு பாடம். எல்லோருடைய வருமானத்தையும் செலவையும் ஒரே இடத்தில் திரட்டி, மானியத்தைத் தகுதியானவருக்கு மட்டும் கொடுப்பது நோக்கம். திறந்த சில நாட்களிலேயே பதிவு செய்யும் முறையில் பாதுகாப்பு ஓட்டைகளை வெளியாட்கள் சுட்டிக்காட்டினார்கள், அவசரமாகச் சரிசெய்தார்கள். மார்ச் 31-இல் பதிவு முடிந்தது. பதிவதா வேண்டாமா என்று காப்பிக்கடை மேசைகளில் நடந்த வாக்குவாதம் தொழில்நுட்பத்தைப் பற்றியதே அல்ல. “இவ்வளவையும் சொன்னால் நாளைக்கு என்ன செய்வார்கள்?” என்பதுதான் பேச்சு.

முறைமை நின்றுபோனால் என்ன செய்வார்கள் என்று முகப்பு ஊழியரிடம் கேளுங்கள். 2019 ஆகஸ்டில் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தின் வலையமைப்பு நாட்கணக்கில் முடங்கியபோது ஊழியர்கள் விமான விவரங்களை வெள்ளைப் பலகையில் கையால் எழுதினார்கள். சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. பலகையும் மார்க்கரும் எடுக்கத் தெரிந்த ஊழியர் இருந்தது நல்ல மதிப்பெண். “சிஸ்டம் டவுன், நாளைக்கு வாங்க” என்பது மட்டுமே பதிலாக வந்தால் அதற்குக் குறைந்த மதிப்பெண் போடுங்கள்.

சட்டத்தில் எதைத் தேடுவது

சட்டப் புத்தகத்தில் மலேசியா முந்திக்கொண்ட நாடு. மின்கையொப்பச் சட்டமும் கணினிக் குற்றச் சட்டமும் 1997-இல், தொடர்பு பல்லூடகச் சட்டம் 1998-இல், மின்வணிகச் சட்டம் 2006-இல், தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் நிறைவேறின. பட்டியலைப் பார்த்தால் கட்டங்கள் எல்லாம் நிரம்பிவிடும். ஆனால் கடைசியாகச் சொன்ன தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூட்டரசுக்கும் மாநில அரசுகளுக்கும் பொருந்தாது. நம் தரவை அதிகம் வைத்திருப்பவர் யாரோ அவருக்கே விலக்கு. சட்டம் இருக்கிறதா என்று கேட்பதோடு நிற்காமல், யாரைக் கட்டுப்படுத்துகிறது, மீறினால் பாதிக்கப்பட்டவருக்கு யார் தகவல் சொல்வார் என்று கேளுங்கள். 2017-இல் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரம் கசிந்தது வெளிவந்தது. நாட்டின் மக்கள்தொகையைவிட அதிகம்.

தரவு கசியுமோ, மோசடியில் சிக்குவோமோ என்ற அச்சம் பயன்பாட்டைப் பாதிக்கிறது. மோசடிக்கு ஆளானவர்கள் அழைப்பதற்காக 2022 அக்டோபரில் 997 என்ற எண் திறக்கப்பட்டது. நீங்கள் பேட்டி காணும் பத்துப் பேரில் எத்தனை பேருக்கு அந்த எண் தெரிகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

நிற்கும் முறை

இப்போது வேலையின் நடுப்பகுதி. முகப்பிலோ கடையிலோ அனுமதி பெற்று, ஒதுங்கி நின்று, வருபவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு போடுங்கள். நான்கு நிரல்கள் போதும்: தானே முடித்தவர், வழிகேட்டு முடித்தவர், தன் கைப்பேசியையோ கடவுச்சொல்லையோ இன்னொருவரிடம் கொடுத்து முடித்தவர், முடியாமல் திரும்பியவர். வயதைத் தோராயமாகக் குறிக்கலாம். பெயர், ஐசி எண், முகப்படம் எதுவும் வேண்டாம். தரவுப் பாதுகாப்பைப் பற்றி எழுதப் போகிறவர் பிறர் ஐசியைப் படமெடுத்து வைத்துக்கொண்டு அலைவது அசிங்கம்.

மூன்றாவது நிரல்தான் புதையல். அரசாங்கக் கணக்கில் அவர்கள் ‘வெற்றிகரமான பயனர்’. உண்மையில் வெற்றி பெற்றவர் பேரப்பிள்ளை. “தம்பி, நீயே அமுக்கு, எனக்குக் கண்ணு தெரியல” என்று கைப்பேசியை நீட்டும் பாட்டியிடம் கோளாறு எதுவும் இல்லை. எழுத்து சிறிது, மொழி மலாய் அல்லது ஆங்கிலம், மூன்று நிமிடத்தில் காலாவதியாகும் குறியீடு. தமிழில் எழுத்துரு இல்லை, தட்டச்ச முடியாது என்ற சாக்கு காலாவதியாகிவிட்டது. அந்த வேலையைச் செய்து முடித்தவர்களில் ஒருவர் மலேசியரான முத்து நெடுமாறன், அவருடைய முரசு அஞ்சலும் செல்லினமும் உலகத் தமிழர் கையில் இருக்கின்றன. ஆகவே ஒரு சேவையில் தமிழ் இல்லை என்றால் அது முடிவெடுத்தவர்களின் விருப்பம் சார்ந்தது, அப்படியே எழுதுங்கள்.

கடைக்காரர்களிடம் போகும்போது கல்லாவில் ஒட்டியிருக்கும், பணம் கட்டும் டுயிட்நாவ் கியூஆரைப் பார்த்து ஏமாறாதீர்கள். நாள் முடிவில் பணம் யாருடைய கணக்கில் சேர்கிறது, பணம் வந்ததை அந்த அண்ணன் எப்படி உறுதிசெய்கிறார், தன் கணக்கைத் தானே பார்க்கத் தெரியுமா என்று பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். மின்விலைப்பட்டியல் 2024 ஆகஸ்ட் 1-இல் ஆண்டு விற்பனை 10 கோடி வெள்ளியைத் தாண்டும் நிறுவனங்களிலிருந்து தொடங்கிப் படிப்படியாகக் கீழே இறங்கியது. சிறு வணிகர்களுக்கு முதலில் 150,000 வெள்ளி என்றிருந்த விலக்கு எல்லை பிறகு உயர்த்தப்பட்டது. இப்படி எல்லையை நகர்த்துவதைச் சிலர் தோல்வி என்பார்கள். ஒட்டுக்கடை தயாராகவில்லை என்று அளந்து பார்த்து ஒத்திவைப்பது என் கணக்கில் தயார்நிலையின் அடையாளம்.

பயிற்சி கிடைக்கும் இடங்களையும் ஒரு சுற்றுப் பாருங்கள். நாடி என்ற பெயரில் அரசாங்கத்தின் இணைய மையங்கள் நாடெங்கும் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. பெயர்ப்பலகையைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். வேலை முடிந்து வருபவருக்கு அது திறந்திருக்கிறதா, பொறுப்பாளரிடம் தமிழிலோ சீனத்திலோ கேட்டால் பதில் வருமா என்று பாருங்கள். பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. பெற்றோர் கூட்ட நாளில் அங்கே போனால் ஒரே கூரையின் கீழ் மூன்று தலைமுறையும் கிடைக்கும்.

அறிக்கை

நான்கு நிரல்களின் கூட்டுத்தொகையை முதல் பக்கத்தில் போடுங்கள். ஒட்டுமொத்த மதிப்பெண் என்று ஓர் எண்ணை உருவாக்காதீர்கள். உருவாக்கினால் நாளிதழ் அதை மட்டும்தான் எடுக்கும். ஒவ்வொரு தடங்கலுக்கும் பக்கத்தில் அதைச் சரிசெய்யும் அதிகாரம் யாருக்கு என்று எழுதுங்கள். மாநகர் மன்றத்தின் வேலையை அமைச்சிடம் கேட்டும், பதிவிலாகாவின் வேலையைச் சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்டும் காகிதம் வீணாவதுண்டு. லைன் புகார் என்றால் தொடர்பு பல்லூடக ஆணையம், ஐசி என்றால் பதிவிலாகா, கார் நிறுத்தமும் வீட்டு வரியும் என்றால் கொம்தார் கட்டடத்தில் இருக்கும் பினாங்குத் தீவு மாநகர் மன்றம், அக்கரை என்றால் செபராங் பிறை மாநகர் மன்றம்.

அதே முகப்பில், அதே நிரல்களோடு, ஆறு மாதம் கழித்து மறுபடி நில்லுங்கள். இரண்டாவது தடவைக்குத் தைப்பூச வாரத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. தண்ணீர்மலை அடிவாரத்தில் தண்ணீர்ப் பந்தல்களும் கூட்டமும் நிறைந்திருக்க, எல்லோர் கையிலும் கைப்பேசி இருக்கும் நேரம் அது. முகப்பு வேலை முடிந்ததும் அங்கே போய், தண்ணீர்ப் போத்தல் விற்பவரிடம் கியூஆரில் பணம் கட்டிப் பாருங்கள், எத்தனை நொடியில் சேர்ந்தது என்று குறித்துக்கொண்டு, சேராவிட்டால் சில்லறை கொடுத்துவிட்டு அதையும் நான்காவது நிரலில் எழுதுங்கள்.